டிக்கெட் உண்டு, சீட் உண்டா?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் பாட்டுக் கேட்க யாரும் காசு கொடுத்துப் பழக்கமில்லை. கோவில் திருவிழா என்றால் கானமேளா உண்டு. பாயோடு முன்கூட்டியே போனவருக்கு முன்வரிசை. நள்ளிரவு நெருங்கும்போது "ஒரு தமிழ்ப் பாட்டு!" என்று பின்னாலிருந்து குரல் வரும். பெரும்பாலும் அது களியக்காவிளைப் பக்கமிருந்து வந்த நம்மவர் குரல்தான்.

இப்போது பெரிய இசையமைப்பாளர்களின் கச்சேரி நகரத்தில், வேலி கட்டிய மைதானத்தில் நடக்கிறது. டிக்கெட் செல்போனில் வருகிறது.

நெய்யாற்றின்கரையில் ஜவுளிக்கடைக் கணக்குப் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் தினமும் என் ஜன்னலில் குழித்துறைக்கு டிக்கெட் எடுப்பவர். சென்ற வாரம் செல்போனை நீட்டினார். திருவனந்தபுரத்தில் கச்சேரி. ஒரு டிக்கெட் 999 ரூபாய், சேவைக் கட்டணம் தனி. அவர், மனைவி, மகள் என்று மூன்று பேர். அவருக்கு அது நாலைந்து நாள் சம்பளம்.

"சார், ரெயில்ல மாதிரி இதுல சீட் நம்பர் உண்டா?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்விதான். முன்பதிவு டிக்கெட்டில் பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் இருக்கும். காத்திருப்போர் பட்டியலில் உள்ள இணைய டிக்கெட்டுக்கு, கடைசிவரை இடம் கிடைக்காவிட்டால் பணம் தானாகத் திரும்பிவிடும். முன்பதிவில்லாத டிக்கெட் வேறு ஜாதி. அது ஏறுவதற்கு அனுமதி, அவ்வளவே. பெட்டியில் எத்தனை பேர் நிற்கலாம் என்று எண்ணிப் பார்த்து நாங்கள் விற்பனையை நிறுத்துவதில்லை. திங்கட்கிழமை காலை வண்டியில் தொங்குகிறவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

கச்சேரி டிக்கெட்டில் 'கோல்டு', 'பிளாட்டினம்' என்று பெயர் பெரிதாக இருக்கிறது. பல கச்சேரிகளில் அது ஒரு வளாகத்துக்குள் நிற்க அனுமதிதான். ஏ.சி. கட்டணத்தில் முன்பதிவில்லாப் பெட்டி!

2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி நடந்தது. ஆகஸ்டில் நடக்கவேண்டியது, மழையால் தள்ளிப்போனது. விலை கொடுத்து டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் குழந்தைகளைப் பிரிந்து தவித்தவர்கள் உண்டு. பெண்கள் தொல்லைக்கு ஆளானதாகப் புகார் வந்தது. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நுழைய முடியாதவர்கள் டிக்கெட் நகலையும் குறையையும் அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கே அதனால் பயன்.

பணமாவது திரும்பும். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று கொச்சி பல்கலைக்கழகத்தின் களமசேரி வளாகத்தில் பாட்டு நிகழ்ச்சிக்கு முன் மழை வந்தது. வெளியே நின்றவர்கள் உள்ளே ஓட, வாசற்படியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். பாட்டுக் கேட்கப் போன பிள்ளைகள்!

ஆகவே அண்ணாச்சியிடம் சொன்னேன்: நாற்காலி எண் உண்டா, வாசல் எத்தனை, மழை வந்தால் பணம் உண்டா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் டிக்கெட் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரே கட்டக் குறியீட்டைப் பத்து பேருக்கு அனுப்பலாம். வாசலில் முதலில் காட்டியவர்தான் உள்ளே போவார். முக்கியமாக, கச்சேரி முடியும் நேரத்துக்குத் தெற்கே வண்டி உண்டா என்று என்னிடமே கேளுங்கள்.

மறுநாள் மாலை வந்தார். "போன் பண்ணிக் கேட்டேன் சார். நம்பர் கிடையாதாம். முதல்ல வர்றவங்களுக்கு முன்னால எடமாம்."

"அப்போ?"

"அதுக்கு நம்ம கோவில் கானமேளா போதாதா? பாய் வீட்டிலேயே இருக்கு" என்றவர், குழித்துறைக்குச் சில்லறையை எண்ணி வைத்தார். மகளிடம் என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.