'வேண்டாம்' என்றன 12 கிராமங்கள்!

உங்கள் வீட்டு அடுப்படியில் அலுமினியப் பாத்திரம் ஏதாவது இருக்கிறதா? இட்லிக் குண்டானோ, பழைய சட்டியோ, ஒன்றாவது இருக்கும். தூக்கிப் பாருங்கள். எவ்வளவு லேசாக இருக்கிறது!

அலுமினியம், 'பாக்சைட்' என்ற செம்மண் நிறக் கல்லிலிருந்து கிடைக்கிறது. ஒரு கிலோ அலுமினியம் எடுக்க, சுமார் நான்கு கிலோ பாக்சைட் தேவை. அந்தக் கல் பல இடங்களில் மலை உச்சியில்தான் இருக்கிறது. சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

ஒடிசா மாநிலத்தில் நியம்கிரி என்றொரு மலைத்தொடர் உண்டு. அங்கே டோங்ரியா கோண்ட் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மொத்தமே சுமார் 8,000 பேர்தான்! மலைச்சரிவில் கேழ்வரகு, மஞ்சள், இஞ்சி, அன்னாசி, வாழை எல்லாம் விளைவிக்கிறார்கள். மலையின் அரசனாக 'நியம் ராஜா' என்ற தெய்வத்தை வணங்குகிறார்கள். அவர் இருக்கும் உச்சியில் மரம் வெட்ட மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சால்வையில் முக்கோணம் முக்கோணமாகப் பூவேலை செய்வார்கள். அந்த முக்கோணம் என்ன தெரியுமா? மலைதான்!

உச்சியைத் தோண்டினால் என்ன ஆகும்? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, ஒரு தட்டில் சாய்த்து வையுங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பாக்சைட் பாறையும் அப்படித்தான். மழைநீரை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குத் தருகிறது. ஸ்பாஞ்சையே எடுத்துவிட்டால்?

நியம்கிரி உச்சியில் 7 கோடி டன்னுக்கும் அதிகமான பாக்சைட் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அதை நம்பி அடிவாரத்தில், லாஞ்சிகர் என்ற ஊரில், வேதாந்தா நிறுவனம் ஆலை கட்டியது. ஆலைக்காகவே சில குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் புதிய குடியிருப்புக்குப் போக வேண்டி வந்தது. வீடு கிடைத்தது, உழுவதற்கு வயல் இல்லை.

"வேலை கிடைக்கும், சாலை வரும்" என்று சுரங்கத்தை ஆதரித்தவர்களும் இருந்தார்கள். மிகவும் ஏழ்மையான பகுதி அது. அப்படி ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால், மலையில் வாழ்பவர்களை யாராவது கேட்க வேண்டாமா?

2006-இல் வந்த வன உரிமைச் சட்டம், காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களுக்கு அந்தக் காட்டின் மீது உரிமை உண்டு என்கிறது. 2010-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது. 'கிராம சபைகளைக் கேளுங்கள்' என்றது நீதிமன்றம்!

மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் உண்டு. மாநில அரசு தேர்ந்தெடுத்ததோ 12 ஊர்கள்தான். "எங்களை ஏன் கேட்கவில்லை?" என்று மற்ற ஊர்க்காரர்களுக்குக் கோபம். நியாயமான கோபம்தானே?

2013 ஜூலையில் கூட்டங்கள் தொடங்கின. சில ஊர்களில் ஓட்டுரிமை உள்ளவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் போலீஸ். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் தாத்தாக்களும் எழுந்து நின்று தங்கள் மொழியில் பேசினார்கள். முதல் ஊர் 'வேண்டாம்' என்றது. இரண்டாவதும் 'வேண்டாம்'. ஆகஸ்ட் 19 அன்று பன்னிரண்டாவது ஊர் கூடியது. அதுவும் 'வேண்டாம்' என்றது!

2014 ஜனவரியில் மத்திய அரசு சுரங்கத் திட்டத்தை நிராகரித்தது. 2016-இல் 'மறுபடி கிராம சபைகளைக் கேட்கலாம்' என்று மாநிலத் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் சம்மதிக்கவில்லை.

அடிவார ஆலை இன்னும் ஓடுகிறது, வேறு இடங்களிலிருந்து வரும் பாக்சைட்டை வைத்து. நியம் ராஜாவின் உச்சியில் இன்றும் சுரங்கம் இல்லை. அந்த முக்கோணச் சால்வைக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது!