பயம் ஒன்று, சொல் பல: உணர்ச்சிகளை ஆங்கிலத்தில் சொல்லக் கற்பது

"ரெண்டு நாளா ரொம்ப ஃபீல் பண்றான்" என்றால் அவன் வருத்தத்தில் இருக்கிறான் என்று தமிழர் எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்திலோ 'ஃபீல்' என்பதற்குப் பின்னால் என்ன உணர்வு என்று இன்னொரு சொல் வந்தாக வேண்டும். 'டென்ஷன்' நம் வாயில் கோபத்தையும் குறிக்கும், பதற்றத்தையும் குறிக்கும். ஆக, உணர்ச்சியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பிறந்த சூழலை விட்டுவிட்டு வந்திருக்கின்றன. ஹேப்பி, சேட், ஆங்ரி என்ற முதல் படியைத் தாண்டிய மாணவர், அடுத்த சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் எழுதி மனப்பாடம் செய்வதோடு நிற்கக் கூடாது. அந்த உணர்ச்சி எதனால் பிறக்கிறது என்பதையும் சேர்த்துக் கற்றால்தான் சொல் கைக்கு வரும்.

இந்த வழி நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்கள் நான்கு என 32 ஆக வகுக்கிறது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கால் பிறக்கும் என்கிறது. விலங்குக்கு அஞ்சி ஓடுவதும் அரசன் முன் அஞ்சி நிற்பதும் வேறுவேறு என்பது அந்தப் பகுப்பிலேயே தெரிகிறது. ஆங்கிலம் இத்தகைய வேறுபாடுகளுக்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. கண்முன் நிற்பதற்கு அஞ்சினால் 'ஸ்கேர்டு'. இனி என்ன ஆகுமோ என்று மனத்தை அரித்தால் 'ஆங்ஷஸ்'. யோசிக்கவே விடாமல் ஆளைக் கவ்வினால் 'பேனிக்'. மூன்றுக்கும் 'பயம்' என்றே எழுதி வைத்தவருக்கு எதை எங்கே சொல்வது என்று எப்படித் தெரியும்?

சமயபுரம் மாரியம்மன் கோயிலில், அம்மனுக்குப் பக்தர்கள் பூத்தட்டு ஏந்தி வரும் பூச்சொரிதல் விழாவை எடுத்துக்கொள்வோம். பூத்தட்டு ஏந்தி நிற்கும் வரிசை நகராதபோது வருவது 'இம்பேஷன்ட்'. நெரிசலில் கையை விட்ட குழந்தையைக் காணாத நொடியில் தாய்க்கு வருவது 'பேனிக்'. கிடைத்ததும் வாயில் வரும் 'அப்பாடா'தான் 'ரிலீவ்டு'. இதை 'நிம்மதி' என்று மட்டும் எழுதிக்கொண்டால் பாதிப் பொருள் போய்விடும், ஏனென்றால் முன்பு ஒரு கவலை இருந்து நீங்கினால்தான் ரிலீவ்டு. இதே விழா இன்னொரு சொல்லையும் விளக்கும். பூச்சொரிதலோடு தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது ஐதீகம். அந்நாட்களில் இளநீர், நீர்மோர், பானகம், துள்ளுமாவு போன்றவையே நைவேத்தியம். 'பிட்டி', 'கம்பேஷன்' இரண்டுக்கும் 'இரக்கம்' என்றே பொருள் எழுதிக்கொள்கிறோம். ஆனால் தள்ளி நின்று 'ஐயோ பாவம்' என்பது பிட்டி; கம்பேஷனின் லத்தீன் வேருக்கோ 'உடன் துன்புறுதல்' என்று பொருள். பிள்ளைகளுக்காகத் தானே பட்டினி கிடக்கும் தாயை அறிந்தவருக்கு அந்தச் சொல் மறக்குமா?

காட்சியோடு கற்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பொருளால் ஒரே இனமான புதுச் சொற்களைச் சேர்த்துக் கற்றால் அவை ஒன்றோடொன்று குழம்புகின்றன என்றும், ஒரே நிகழ்ச்சியைச் சேர்ந்த சொற்கள் எளிதில் பதிகின்றன என்றும் டிங்கம் என்ற ஆய்வாளர் 1990களில் நடத்திய சோதனைகள் காட்டின. இலக்கணமும் காட்சியைக் கேட்கிறது. தமிழில் 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்று உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்பார். ஆங்கிலத்தில் அவரே எழுவாய். 'ஐ ஆம் போர்டு' என்பதற்குப் பதில் 'ஐ ஆம் போரிங்' என்றால், நான் பிறரைச் சலிப்பூட்டும் ஆள் என்றாகிவிடும். உணர்பவர் யார், உணர்ச்சியை ஊட்டுவது எது என்று காட்சியில் பார்த்தவருக்கு இந்தத் தடுமாற்றம் குறையும்.

தமிழ்ப் பொருள் எழுதிக் கற்பது விரைவானது என்பார்கள். உண்மை, அறிமுகத்துக்கு அது வேண்டும், அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் வாதம். மூன்று நான்கு சொல் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாமே என்றும் கேட்கலாம். வெளிநாட்டு மருத்துவமனையில் பணிபுரியும் நம் ஊர்ச் செவிலியரை நினையுங்கள்: நோயாளி 'அப்செட்' என்று எழுதுவதற்கும் 'டிப்ரஸ்டு' என்று எழுதுவதற்கும் நடுவில் சிகிச்சையே மாறக்கூடும். நம் ஊர்த் திருவிழா உணர்ச்சி ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்குமா என்பது இன்னும் கனமான கேள்வி. 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு 2,474 மொழிகளை ஒப்பிட்டது. இனிமையா துன்பமா, கிளர்ச்சியா அமைதியா என்ற அடிப்படை எங்கும் பொது என்றும், அதற்குமேல் உணர்ச்சிச் சொற்களின் உறவு மொழிக்குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது என்றும் கண்டது. ஆகவே எல்லாம் அடங்காது. 'ரெவரன்ஸ்' என்ற சொல் நம் பயபக்தியின் பக்திக்கு அருகில் வரும். பயம் வெளியே நின்றுவிடும். களத்தோடு கற்றவருக்கு அந்த இடைவெளி தெரியும். சொல் எட்டாத இடத்தில், அம்மன் முன் கைகூப்பி நடுங்கி நிற்பவரையே அவர் ஆங்கிலத்தில் காட்டிவிடுவார்.