தெளிப்பானின் பம்பு ஏன் சோர்கிறது?

முதுகில் சுமக்கும் தெளிப்பானில், கைப்பிடி விட்டுவிட்டு அசைந்தாலும் மருந்து நீர் ஓயாமல் சீராகப் பாய்வதற்குக் காரணம், ஜலத்தைச் சுருக்குவது அரிது, காற்றைச் சுருக்குவது எளிது என்னும் பிரகிருதி நியதியே. பம்பு செலுத்தும் நீர் அழுத்த அறையிலுள்ள காற்றை இறுக்க, அக்காற்று விரிய முயன்று, அசைவுகளுக்கு நடுவிலும் நீரைக் குழாய்க்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

அபாயமும் இதிலேதான் அடங்கியிருக்கிறது. கைப்பிடியை நிறுத்திய பின்னும் காற்று இறுகியே நிற்பதால், கையுறை அணிந்து, குழலைப் புல்தரையை நோக்கித் திறந்து அழுத்தம் முழுவதையும் போக்காமல் இணைப்பைக் கழற்றுவோரின் முகத்திலே விஷ நீர் பீறிட்டடிக்கும்.

அழுத்தம் ஏறவில்லையெனில், குற்றம் பெரும்பாலும் உந்துதண்டின் வாஷரிலோ, நீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் வால்விலோ இருக்கும். காய்ந்து சுருங்கிய தோல் வாஷர் எண்ணெயில் ஊறினால் மீண்டும் விரிந்து உருளைச் சுவரோடு பொருந்தும். வெடித்த ரப்பரையோ மாற்றத்தான் வேண்டும். வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் நீர் பின்னோக்கிக் கசிந்து உழைப்பெல்லாம் விரயமாகுமாதலால், மருந்து நிரப்பும்போது வடிகட்டியை அகற்றலாகாது.

அடைபட்ட நாசிலை வாயால் ஊதுவது, பலரிடம் வேரூன்றிய வழக்கமாயினும், மகா கொடியது. கம்பியால் குத்தினாலோ துவாரம் அகன்று மருந்தின் அளவு கெடும். நீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷால் தேய்த்தாலே போதும்.

2,4-டி போன்ற களைக்கொல்லியின் சிறு எச்சமும் தக்காளிச் செடியை முறுக்கி வாட்டிவிடுமாதலால், பணி முடிந்த அன்றே சுத்த நீரை மும்முறை பம்பு, குழாய், நாசில் அனைத்தின் வழியாகவும் செலுத்திக் கழுவி, அந்நீரை மருந்திட்ட புல்தரையிலேயே தெளித்துவிடுங்கள். கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.