எடுக்கப்படாத போன்: தொலைவிலிருந்து மனநலத்தைக் கவனிப்பது எப்படி?

2020 மார்ச் 25. ஊரடங்கு தொடங்கிய அன்றே மத்திய அரசு தொலைமருத்துவ விதிமுறைகளை வெளியிட்டது. போனிலோ வீடியோவிலோ பார்த்து டாக்டர் மருந்து எழுதலாம் என்பதற்குத் தெளிவான விதி அப்போதுதான் வந்தது. மனநல மருத்துவத்துக்குத் தனி வழிகாட்டியை நிம்ஹான்ஸும் இந்திய மனநல மருத்துவச் சங்கமும் அதே வருடம் கொண்டுவந்தன.

சரி, விதி வந்தாச்சு. விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் அது எப்படி வேலை செய்யும்? நான் டாக்டர் இல்லை, மென்பொருள் ஆசாமி. அந்தக் கண்ணோட்டத்தில் படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

பஸ் நின்றால் என்ன நிற்கும்?

மனச்சிதைவு, இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு மாத்திரை திடீரென நின்றால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். எங்க பக்கம் மாத்திரை வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறணும். 2020 ஜூனில் ஓரளவு ஓடிய பஸ் ஜூலையில் மறுபடி நின்றது. செப்டம்பரில்தான் மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடிந்தது.

லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் கூடினாலே நஞ்சு. கரிசல் வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் அளவு ஏறும். கை நடுக்கம், வாந்தி, நடையில் தள்ளாட்டம் இருக்கிறதா என்று போனில் கேட்கலாம். ரத்தப் பரிசோதனையைப் போனில் செய்ய முடியாது.

ஆப் போட்டால் போதாதா?

எங்க ஆட்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். போனின் ஜிபிஎஸ், திரை எரியும் நேரம், தூக்கம் எல்லாவற்றையும் சேகரித்து, நோய் திரும்புவதை முன்கூட்டியே கணிப்பது. பாஸ்டன், பெங்களூரு, போபால் மூன்று இடங்களிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் ‘வீட்டை விட்டு வெளியே வரவில்லை’ என்பது மனச்சோர்வின் அடையாளம் என்றால், ஊரடங்கில் ஊரே அப்படித்தான் இருந்தது! தவிர, வீட்டுக்கு ஒரே போன். அதையும் பையன் ஆன்லைன் வகுப்புக்கு எடுத்துக்கொண்டால் யாருடைய தூக்கத்தை அளக்கிறோம்?

மௌனம்தான் அலாரம்

செர்வர்களைக் கண்காணிப்பதில் ஒரு பழைய முறை உண்டு. ஒவ்வொரு செர்வரும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை ‘நான் இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையா, அதுவே அலாரம். மருத்துவத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வராத நோயாளி ‘வரவில்லை’ என்று பதிவேட்டில் ஒரு வரியாகிவிடுவார்.

இந்த மாதிரி வேலை பலன் தருமா? பெருந்தொற்றுக்கு முன்பே ஒரு பதில் இருக்கிறது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு அது, 2008-ல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், 18 மாதங்களில் 9 தடவை போனிலோ நேரிலோ விசாரிப்பும். முதல் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

ஆப் இல்லை, சென்சார் இல்லை. ‘எப்படி இருக்கீங்க?’ என்று முறை தவறாமல் கேட்ட ஒரு குரல், அவ்வளவுதான்.

கடைசி மைல்

போன் எடுக்காவிட்டால்? கதவைத் தட்ட ஓர் ஆள் வேணும். இதைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் சென்னையின் ஸ்கார்ப் நிறுவனம் 2010 முதலே செய்து காட்டியது. வீடியோ வசதி உள்ள பஸ் கிராமத்துக்கு வரும், டாக்டர் சென்னையிலிருந்து பேசுவார், மருந்து பஸ்ஸிலேயே கிடைக்கும். இடையில் வீடுகளுக்குப் போய் விசாரிக்க உள்ளூர்ப் பணியாளர்கள். என் பார்வையில் பஸ்ஸைவிட இவர்கள்தான் முக்கியம்.

தமிழகம் முழுக்க இதற்கு அடித்தளம் இப்போதே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதே தெருவில் நடக்கிற பணியாளரிடம் ‘இந்த மாதம் போன் எடுக்காதவர்கள்’ பட்டியலும் இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. நம்மூரில் விஷயம் வெளியே தெரிந்தால் அந்த வீட்டில் கல்யாணப் பேச்சே நின்றுவிடும். 2017-ன் மனநலச் சட்டமும் ரகசியம் காக்கச் சொல்கிறது. அதனால் ஒருவர் நன்றாக இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும்: நீங்கள் போன் எடுக்காவிட்டால் யாரிடம் கேட்கலாம்? அக்காவா, மச்சானா? வீட்டுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது? அது கண்காணிப்பையும் வேவு பார்ப்பதையும் பிரிக்கும் கோடு.

2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும். உங்களுக்கோ தெரிந்தவருக்கோ தேவைப்பட்டால் தயங்காமல் கூப்பிடுங்கள். ஆனால் அது நாம் கூப்பிட்டால்தான் மணி அடிக்கும் எண். கூப்பிடவே தெம்பில்லாத ஆளை, யாராவது ஒருவர் கூப்பிட்டாகணும்.