அந்தி வானில் கோள்களை அறிவோம்

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு விடிவெள்ளி நன்கு பழக்கமானது. இருள் பிரியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், குளிர்ச்சி இருக்கும்போதே பால்மரம் சீவத் தொடங்க வேண்டியவர்கள் அவர்கள். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறைந்துவிடும் அல்லவா? ஆகவே கிழக்கே பார்த்துப் பொழுதறிந்தவர்கள் பலர்.

இன்று அத்தோட்டங்களில் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஈப்போ போன்ற நகரங்களில் விளக்கொளி சிறு நட்சத்திரங்களை மறைத்துவிடுகிறது. ஆனாலும் தெருவிளக்கால் எளிதில் மறைக்க முடியாதவை சில உண்டு. வாரத்தின் ஐந்து நாள்களுக்குப் பெயர் தந்த செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய கோள்களே அவை. அவற்றை அடையாளம் காணக் கருவி எதுவும் வேண்டாம்; கண்ணும் பொறுமையும் போதும்.

முதல் அடையாளம் ஒளி. நட்சத்திரம் மினுமினுக்கும், கோள் பெரும்பாலும் நிலையாக ஒளிரும். இரண்டாவது அடையாளம் பாதை. சூரியனும் சந்திரனும் செல்லும் பாதையை ஒட்டியே கோள்களும் செல்லும். மூன்றாவது அடையாளம் நகர்வு. அருகிலுள்ள நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுச் சில வாரங்கள் பார்த்து வந்தால், கோள் இடம் மாறியிருப்பது தெரியும். சில நிமிடங்களிலேயே வானைக் கடந்து போவது விமானமாகவோ செயற்கைக் கோளாகவோ இருக்கும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஈப்போவில் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் சூரியன் மறைகிறது. அதன்பின் மேற்கே வெண்மையாக, மற்றெல்லாவற்றையும் விஞ்சி ஒளிர்வது வெள்ளி. கையை நீட்டி முட்டியை மடக்கினால், அதன் அகலம் வானில் சுமார் 10 பாகை. வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல், அதாவது ஐந்து முட்டிக்கு மேல் விலகாது. எனவே நடு இரவில் அதை நாம் காண முடியாது. நள்ளிரவில் உச்சியில் பளிச்சென்று நிலையாக ஒளிரும் ஒன்று பெரும்பாலும் வியாழனாகவே இருக்கும். கடிகாரம் இல்லாத வீட்டில் வியாழனை விடிவெள்ளி என்று எண்ணிவிட்டால், பாதித் தூக்கத்தில் எழுந்து உலை வைக்க நேரிடும்!

மாலையில் தோன்றும் வெள்ளியும் விடிவெள்ளியும் வேறு வேறு என்று எண்ணுவோர் உண்டு. இரண்டும் ஒன்றே. அது ஏறக்குறைய எட்டு, ஒன்பது மாதங்கள் மாலையில் தெரியும். பிறகு சூரிய ஒளியில் மறைந்து, காலையில் தோன்றும். இந்தச் சுற்று 584 நாள்களில் முடிகிறது.

செவ்வாய் செந்நிறமானது. ரோகிணி, கேட்டை என்னும் நட்சத்திரங்களும் சிவந்தவையே. ஆனால் அவை மினுமினுக்கும், தம் இடத்தை விட்டு நகரா. செவ்வாய் ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை மிகப் பிரகாசமாகும். சனி மங்கிய மஞ்சள் நிறமுடையது. புதன் அடிவானத்தை ஒட்டியே நிற்கும். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் அதை மறைத்துவிடலாம். லூமுட் கடற்கரை போன்ற திறந்த இடமே அதற்கு ஏற்றது.

குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று கோயில்களில் அறிவிக்கக் கேட்டிருக்கிறோம். பலன் பற்றிய நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். அந்த நகர்வு வானில் மெய்யாகவே நடப்பது. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டுகளும், சனி 29 ஆண்டுகளுக்குச் சற்று மேலும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஒரு ராசியைக் கடக்க வியாழனுக்கு ஓராண்டும் சனிக்கு இரண்டரை ஆண்டும் ஆகின்றன.

2008 டிசம்பர் 1 மாலையில் நம் நாட்டு மேற்கு வானில் ஓர் அரிய காட்சி தோன்றியது. வெள்ளியும் வியாழனும் இரு கண்களாகவும், கீழே பிறைநிலா வாயாகவும் அமைந்து, வானமே சிரிப்பதுபோல் இருந்தது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பிறை இங்கே தோணிபோல் படுத்துக் கிடக்கும். அதனால்தான் அது சிரிப்பாயிற்று. அடுத்த நாளே நிலா விலகிவிட்டது. மறுமாதம் வியாழன் சூரிய ஒளியில் மறைந்தது. வெள்ளி மட்டும் மேலும் பல வாரங்கள் அங்கே நின்றது. கோள்கள் நகர்கின்றன என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

வீட்டில் இருகண் நோக்கி இருந்தால் வியாழனின் நான்கு நிலாக்களையும் காணலாம். 1610இல் கலிலியோ கண்டவை அவை. ஆனால் சூரியன் முழுதும் மறையுமுன் அக்கருவியை மேற்கே திருப்பக் கூடாது. கண் பார்வையே போய்விடும்.

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. விடிவெள்ளியோ தன் வழியை மாற்றவில்லை. மழையில்லாத மாலையில் பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வாருங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு, தெரிந்ததை வரையச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறையாக இரண்டு மாதம் வரைந்தால், எது கோள், எது நட்சத்திரம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். தாத்தாவும் பாட்டியும் பொழுதறிந்த வானம், பேரப் பிள்ளைகளுக்கும் பழக்கமாகட்டும்.