பம்பருக்குப் பின்னால் பாருங்கள்



குத்தூசி போட்டுப் பார்க்காமல் மூட்டைக்கு விலை பேசும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. ஆனால் நம் கார் எங்காவது இடிபட்டால் மட்டும், பட்டறைக்காரர் சொன்ன தொகைக்குத் தலையாட்டிவிட்டு வருகிறோம். சென்ற மாதம் நாமும் அப்படித்தான் தலையாட்ட இருந்தோம்.

மதுரை கீழமாசி வீதியில் சரக்கு விசாரித்துவிட்டு விருதுநகர் புறப்படும் நேரம். பின்னால் எடுத்த லோடு ஆட்டோ ஒன்று நம் காரின் முன்பம்பரில் இடித்துவிட்டது. இடது ஓரத்தில் கையகல விரிசல். ஊர் வந்து பட்டறையில் காட்டினோம். "பம்பரை மாற்றிப் பெயிண்ட் அடிக்க வேண்டும், இன்சூரன்சில் வாங்கிக் கொள்ளலாம்" என்றார்கள். வீட்டில் தம்பி மகன், "பெரியப்பா, ஒருதரம் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோமே" என்றான். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. சரி என்றோம்.

அம்பாசடர் காலத்துப் பம்பர் கனத்த இரும்பு. இன்றைய காரில் வெளியே தெரிவது பிளாஸ்டிக் மூடிதான். அதற்குள் இரும்புப் பட்டை, அதற்கும் பின்னால் ஏ.சி. கண்டென்சர், ரேடியேட்டர். இடி எதுவரை போயிற்று என்பதை வெளியில் நின்று சொல்ல முடியாது.

வேலை இதுதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினோம். எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக் கொண்டோம். பானெட்டைத் தூக்கி, கிரில்லுக்கு மேலுள்ள ஸ்குருக்களையும் கிளிப்புகளையும் எடுத்தோம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் சக்கரத்தின் உள்வளைவில் பம்பர் ஓரத்தைப் பிடிக்கும் ஸ்குரு தெரியும். இரு பக்கமும் அதை எடுத்து, பிறகு அடிப்பக்கத்து ஸ்குருக்கள். கிளிப்பின் நடுக்குமிழை முதலில் நெம்பித் தூக்க வேண்டும். நேராக இழுத்தால் உடையும். கழற்றியவற்றை மேல், கீழ், இடது, வலது என்று எழுதித் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினோம். நமக்குத் தெரிந்த வித்தை அதுதானே! கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓரத்தை மெல்ல வெளியே இழுத்தோம். பனி விளக்கின் வயரைப் பிரித்த பிறகே பம்பரைத் தரையில் வைத்தோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

உள்ளே இரும்புப் பட்டை நன்றாக இருந்தது. ஆனால் ரேடியேட்டரின் கீழ்க்குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் நகர்ந்து, கூலண்ட் சொட்டுச் சொட்டாகக் கசிந்த பச்சை ஈரம் தெரிந்தது. பட்டறையில் இதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதுப் பம்பர் மாட்டிப் பளபளப்பாக ஓட்டியிருந்தால், நாற்கர சாலையில் என்ஜின் சூடேறிப் பெருஞ்செலவில் விட்டிருக்கும். மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்துக் கிளாம்பைச் சரிசெய்து கூலண்ட் ஊற்றினோம். விரிசலைப் பிளாஸ்டிக் வெல்டிங் வைத்துக் கொண்டோம்.

இனி இன்சூரன்ஸ் கணக்கு. உதாரணத்துக்குப் பம்பர் விலை ரூ.3,000 என்போம். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான், ரூ.1,500. 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு ரூ.1,000. கைக்கு வருவது ரூ.500. அதை வாங்கினால் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யமாகும். மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50-ஐத் தொட ஐந்து வருடம். வண்டிச் சேதத்துக்கான பிரிமியம் வருடம் ரூ.4,000 என்றால், இழப்பு 2,000, 1,200, 1,000, 600, 200, ஆகமொத்தம் ரூ.5,000. ஐந்நூறு வரவுக்கு ஐயாயிரம் பற்று! ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசியில் பாதி விலைப் பிடித்தம் இல்லை. போனஸ் காக்கும் சேர்ப்பு தனியாக உண்டு. உங்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

நாம் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ரேடியேட்டரே உடைந்திருந்தால் கிளெய்ம் கேட்பதுதான் லாபம். ஆனால் சர்வேயர் பார்க்கும் முன்பே வண்டியைப் பிரித்தவருக்குத் தகராறுதான் மிஞ்சும். ஆகவே முதலில் டார்ச் அடித்துக் கீழிருந்து பாருங்கள். ஒழுக்கோ வளைவோ தெரிந்தால் கை வைக்காமல் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ, பானெட் சரியாக மூடவில்லை என்றாலோ அது வீட்டு வேலையே அல்ல. ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

வெறும் விரிசல்தான் என்றால், ஒரு ஞாயிறு காலையை ஒதுக்குங்கள். கழற்றிப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.