வேலைக் களைப்பா, நோயா?

மரம் சீவும் நாம் எலும்பு வலியும் சோர்வும் வேலைப் பளுவால் வந்தவை என்று வாளாவிருந்துவிடுகிறோம். அவற்றோடு சிறுநீரகக் கல்லும் அடிக்கடி தோன்றுமாயின், வேறு காரணத்தையும் ஆராய்தல் வேண்டும்.

கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறம், அரிசியளவில் பொதுவாக 4 பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. இரத்தத்தின் சுண்ணாம்புச் சத்தைச் சமநிலையில் வைப்பது அவற்றின் பணி. அவற்றுள் ஒன்று பருத்து மிகையாகச் சுரந்தால், எலும்பின் சுண்ணாம்புச் சத்து கரைந்து இரத்தத்தில் மிகும், எலும்பு நலியும், சிறுநீரகத்தில் கல் சேரும்.

இந்நோயை உறுதிசெய்வது இரத்தப் பரிசோதனையே. சுண்ணாம்புச் சத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் ஒருங்கே அளத்தல் வேண்டும். முன்னது மிகும்போது பின்னது குறைவதே இயல்பு. குறையாமல் வழக்கமான அளவில் நின்றாலும் ஐயத்திற்குரியதே.

ஆகவே, வலியையும், முன்பு கண்ட கல்லையும், உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவரிடம் மறைக்காது கூறி, இவ்விரு சோதனைகளும் வேண்டுமா எனக் கேட்டறிவோமாக.